எம். ஜே. கோபாலன்

மொரப்பாக்கம் ஜோசியம் கோபாலன் (சூன் 6, 1909 – டிசம்பர் 21, 2003) துடுப்பாட்டம், ஹாக்கி ஆகிய இரண்டிலும் இந்திய அணிக்காக ஆடிய தமிழக விளையாட்டு வீரர். வலக்கை மித வேகப் பந்து வீச்சாளர். பின்வரிசையில் அடித்து ஆடும் துடுப்பாளரும் ஆவார்.

வாழ்க்கைக் குறிப்பு

செங்கல்பட்டு வட்டாரத்தைச் சேர்ந்த மொரப்பாக்கத்தில் பிறந்தார். குடும்பம் சென்னை திருவல்லிக்கேணிக்குக் குடிபெயர்ந்தது. இவரது திறமையை முதலில் கண்டுகொண்டவர் சென்னையில் ஆடிவந்த ஆங்கிலேயரான சி. பி. ஜான்ஸ்டன். பர்மா ஷெல் நிறுவனத்தில் கோபாலனுக்கு வேலை கிடைக்கச் செய்தவரும் அவரே. விளையாட்டில் ஊதியம் இல்லாத அக்காலத்தில் இத்தகைய வேலை இல்லையேல் நடுத்தரக் குடும்பத்து இளைஞர் ஒருவர் தொடர்ந்து ஆடியிருக்க இயலாது.

துடுப்பாட்டம்

1934 சனவரியில் கல்கத்தாவில் டக்ளஸ் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து அணிக்கு எதிராகத் தம் முதல் தேர்வுப் போட்டியில் ஆடினார். ஆட்டமிழக்காமல் 11, பின்னர் 7 ஓட்டங்கள், ஓர் இலக்கு. அதுவே இவரது கடைசித் தேர்வுப் போட்டியாகவும் அமைந்தது.

அதே ஆண்டு நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னை – மைசூர் அணிகள் மோதிய ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் முதல் பந்தை வீசியவர் கோபாலன். மைசூர் 48, 59 ஓட்டங்களுக்குச் சுருண்டது. சென்னை எடுத்தது 130. ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. எனினும் அன்றைய நாயகன் 11 இலக்குகளைக் கைப்பற்றிய ஏ. ஜி. ராம்சிங்தான்.

ஹாக்கியும் 1936 ஆம் ஆண்டுத் தெரிவும்

1935ல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற இந்திய ஹாக்கி அணியில் கோபாலன் இடம்பெற்றார். அப்பயணத்தில் இந்தியா 48 ஆட்டங்களில் ஆடி அனைத்திலும் வென்றது. அடித்த கோல்கள் 584, அவற்றுள் தியான் சந்த் அடித்தவை மட்டும் 201.

மறு ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கும் துடுப்பாட்ட அணியின் இங்கிலாந்துப் பயணமும் ஒரே காலத்தில் வந்தன. கோபாலன் துடுப்பாட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். விசயநகரம் இளவரசர் தலைமையில் சென்ற அவ்வணி உட்பூசலால் சிதைந்தது. லாலா அமர்நாத் பாதியிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். முகமது நிசார், அமர் சிங் ஆகியோர் இருந்த அணியில் கோபாலனுக்கு மூன்று தேர்வுப் போட்டிகளில் ஒன்றிலும் வாய்ப்பு அளிக்கப்படவில்லை. இந்தியா அத்தொடரை இழந்தது. ஆகஸ்ட் 15 அன்று பெர்லினில் ஹாக்கி அணி செருமனியை 8–1 என வென்று தங்கம் பெற்றது. ஒலிம்பிக் அணியில் இவருக்கு இடம் உறுதியாகியிருக்கவில்லை என்பதையும் கருத வேண்டும். ஆனால் முந்தைய ஆண்டு ஆடியவர் என்ற வகையில் வாய்ப்பு மிகுதி.

பிற்காலம்

இவரது 25 ஆண்டு முதல்தர ஆட்டத்தைச் சிறப்பிக்க, 1952–53 பருவத்தில் சென்னை – இலங்கை அணிகளுக்கிடையே கோபாலன் கோப்பை தொடங்கப்பட்டது. 1981ல் தேர்வுத் தகுதி பெறும் முன்னர் இலங்கை வீரர்களுக்கு முதல்தர அனுபவம் அளித்த சில வாய்ப்புகளுள் இது ஒன்று. கோபாலன் இந்திய அணியின் தேர்வாளராகவும் பணியாற்றினார். சேப்பாக்கம் அரங்கின் வாயில் ஒன்றுக்கு இவர் பெயர் சூட்டப்பட்டது.

பதிவில் உள்ளதைவிட இவர் வயதில் மூத்தவர் என்ற கருத்தும் உண்டு. பதிவின்படியே பார்த்தாலும், 2003ல் சென்னையில் காலமானபோது உலகில் உயிரோடிருந்த தேர்வுத் துடுப்பாட்டக்காரர்களுள் இவரே மூத்தவர்.