மரணத்துக்கு அஞ்சிய போதகர்

வீரர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவர்கள் பிறவியிலேயே அஞ்சாநெஞ்சம் படைத்தவர்கள் என்று தொடங்குவது வழக்கம். நான் எழுத எடுத்துக்கொண்டவருக்கு அந்தத் தொடக்கம் பொருந்தாது. அவர் நன்றாகவே அஞ்சினார். மரணத்துக்குப் பின்னும் வாழ்வு உண்டு என்று ஊராருக்குப் போதித்து வந்தவர், மரணம் எதிரே வந்து நின்றபோது நடுங்கினார். நடுங்கியதைத் தம் நாட்குறிப்பில் மறைக்காமல் எழுதியும் வைத்தார். அவர் பெயர் ஜான் வெஸ்லி. சென்னை இராயப்பேட்டைப் பக்கம் சென்ற நண்பர்கள் அவர் பெயரைத் தாங்கிய பள்ளியைப் பார்த்திருப்பார்கள். வரலாற்று மாணவர்கள் மெதடிஸ்ட் இயக்கம் என்ற சிறு குறிப்புக்காக அவரைப் படித்து, தேர்வு முடிந்ததும் மறந்திருப்பார்கள். அந்தச் சிறு குறிப்பில் அடங்காத பகுதியே இங்கே சொல்லத் தக்கது.

இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பகுதியைச் சேர்ந்த எப்வொர்த் என்னும் சிற்றூரில் 1703-ஆம் ஆண்டு வெஸ்லி பிறந்தார். தந்தை சாமுவேல் அவ்வூர்த் திருச்சபையின் குரு. தாய் சுசன்னா பெற்ற பத்தொன்பது பிள்ளைகளுள் ஜான் பதினைந்தாமவர். பிள்ளைகளில் பலர் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோயினர். 1709-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஓர் இரவு வீடு தீப்பற்றி எரிந்தது. எல்லோரும் வெளியே ஓடிவந்த பிறகுதான் ஐந்து வயதுச் சிறுவன் ஜான் மாடியில் அகப்பட்டுக்கொண்டது தெரிந்தது. ஏணி கொண்டுவர நேரமில்லை. ஒருவர் தோள்மீது மற்றொருவர் ஏறி நின்று சன்னல் வழியே பிள்ளையை இழுத்தெடுத்தனர். அடுத்த கணம் கூரை இடிந்து விழுந்தது. கடவுள் இந்தப் பிள்ளையை ஏதோ காரியத்துக்காகவே காப்பாற்றினார் என்று தாய் நம்பினார். அந்த நம்பிக்கை மகன் தலைமேல் ஒரு பெரிய சுமையாகவே நெடுநாள் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார், குருப்பட்டம் பெற்றார், 1726-இல் லிங்கன் கல்லூரியில் ஆசிரியர் குழுவிலும் இடம் பெற்றார். தம்பி சார்லசும் சில மாணவர்களும் சேர்ந்து தொடங்கிய சிறு குழுவுக்கு 1729 முதல் இவர் தலைவரானார். விடியற்காலை எழுவது, வேதாகமத்தை மூல மொழியில் படிப்பது, வாரத்தில் இரு நாள் நோன்பு இருப்பது, சிறைச்சாலைக்குச் சென்று கடனாளிகளுக்கும் தூக்குத் தண்டனைக் கைதிகளுக்கும் ஆறுதல் சொல்வது என்று நாள் முழுவதும் மணிக்கணக்குப்படி நடந்தது. முறை தவறாதவர்கள் என்னும் பொருளில் மற்ற மாணவர்கள் இவர்களுக்கு மெதடிஸ்ட் என்று பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தனர். பட்டப்பெயர் சூட்டும் கலையில் எந்த நாட்டுக் கல்லூரியும் நமக்கு இளைத்ததன்று! கேலிக்கு வைத்த பெயரே பின்னர் உலகெங்கும் பரவிய ஒரு திருச்சபையின் பெயராயிற்று.

இத்தனை ஒழுக்கமும் வெஸ்லிக்கு அமைதி தரவில்லை. எவ்வளவு செய்தாலும் போதவில்லை என்னும் ஏக்கம் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. இறைவன் ஏற்றுக்கொள்வானோ மாட்டானோ என்று ஒவ்வொரு நாளும் தன்னைத் தானே தேர்வுக்கு உட்படுத்திக்கொண்ட வாழ்க்கை அது. 1735-இல் அமெரிக்காவில் புதிதாக அமைந்த ஜார்ஜியா குடியேற்றத்துக்குப் போதகராகச் செல்ல அழைப்பு வந்தபோது ஒப்புக்கொண்டார். அங்குள்ள பழங்குடி மக்களுக்குப் போதிக்கச் செல்வதாக உலகம் எண்ணியது. தம் சொந்த ஆன்மாவைக் காப்பாற்றிக்கொள்வதே முதல் நோக்கம் என்று புறப்படுமுன் அவரே எழுதினார்.

சிம்மண்ட்ஸ் என்னும் அக்கப்பலில் ஆங்கிலேயர்களோடு மொரேவியர் எனப்படும் ஜெர்மானியக் கிறிஸ்தவர்கள் 26 பேரும் பயணம் செய்தனர். சமய ஒடுக்குமுறையால் இடம் பெயர்ந்த எளிய மக்களின் கூட்டம் அது. வெஸ்லி அவர்களோடு பேசுவதற்காகவே கப்பலில் ஜெர்மன் மொழி கற்றார். மற்றவர்கள் செய்ய முகம் சுளிக்கும் வேலைகளை அவர்கள் கூலி வாங்காமல் செய்தனர். யாரேனும் தள்ளினாலும் அடித்தாலும் எழுந்து அப்பால் சென்றனர்; முறையிடுவதில்லை. பணிவு இருக்கிறது, துணிவும் இருக்குமா என்பதே வெஸ்லியின் ஐயம். அதற்கு விடை கடலிலேயே கிடைத்தது.

1736 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை மாலை. சில நாட்களாகவே புயல் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தது. மொரேவியர்கள் வழிபாட்டின் தொடக்கத்தில் சங்கீதம் ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தனர். அப்போது பேரலை ஒன்று எழுந்து கப்பலை மூடிற்று. பெரும்பாய் சுக்குநூறாகக் கிழிந்தது. தளங்களுக்கிடையே தண்ணீர் பெருகிப் பாய்ந்தது. ஆங்கிலேயர்கள் அலறினர். மொரேவியர்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்கள். பாட்டை நிறுத்தாமல் தொடர்ந்தார்கள். பின்னர் அவர்களுள் ஒருவரிடம் சென்று, பயமாக இல்லையா என்று வெஸ்லி கேட்டார். இல்லை என்றார் அவர். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாவது பயம் இராதா என்று மீண்டும் கேட்டார். எங்கள் பெண்களும் பிள்ளைகளும் சாவதற்கு அஞ்சுவதில்லை என்று சாந்தமாகப் பதில் வந்தது.

ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியருக்கு அது பெரிய அடி. கிரேக்கமும் எபிரேயமும் அறிந்தவரிடம் இல்லாத ஒன்று, தச்சு வேலையும் வயல் வேலையும் செய்து பிழைத்தவர்களிடம் இருந்தது. அவர்கள் வேதாகமத்தை நம்பிச் சாய்ந்திருந்தார்கள். இவரோ அதைச் சட்டப் புத்தகம்போல் படித்துத் தம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டிருந்தார்.

ஜார்ஜியாவில் நடந்ததை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பழங்குடி மக்களிடையே பணி நடக்கவில்லை. குடியேறியவர்களோ இவருடைய கண்டிப்பைத் தாங்கவில்லை. சோஃபி ஹாப்கி என்னும் பெண்ணை விரும்பினார். மணம் பேசத் தயங்கினார். 1737-இல் அவள் வேறொருவரை மணந்தாள். பிறகு அவளுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தார், வழக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஊரைவிட்டே கிளம்பினார். இந்த விவகாரத்தில் வெஸ்லியின் நடத்தைக்கு வக்காலத்து வாங்க எனக்கு விருப்பமில்லை. திரும்பும் வழியில், மற்றவர்களை மனந்திருப்பச் சென்ற என்னை மனந்திருப்புவது யார் என்னும் கருத்துப்பட எழுதினார். கடல் அமைதியாக இருக்கும்போது தம்மால் நம்ப முடிகிறது, மரணம் முகத்துக்கு நேரே வந்தால் மனம் கலங்குகிறது என்றும் ஒப்புக்கொண்டார்.

1738 பிப்ரவரியில் இலண்டனில் பீட்டர் போலர் என்ற இளம் மொரேவியப் போதகரைச் சந்தித்தார். நம்பிக்கை இல்லாத நான் பிரசங்கத்தை விட்டுவிடட்டுமா என்று கேட்டவரிடம், நம்பிக்கை வரும்வரை அதைப் பற்றியே பிரசங்கம் செய்யுங்கள், வந்தபின் வந்ததனால் செய்வீர்கள் என்று போலர் அறிவுரை கூறினார். வேடிக்கையான அறிவுரைதான். எனினும் வெஸ்லி அதை ஏற்றார். மே 24-ஆம் நாள் பிற்பகல் தூய பவுல் பேராலயத்தில், ஆழங்களிலிருந்து எழும் கூக்குரலான 130-ஆம் சங்கீதத்தைப் பாடக் கேட்டார். அன்று மாலை மனமில்லாமலேயே ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்துக்குச் சென்றார். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரையை ஒருவர் படித்துக்கொண்டிருந்தார். மனிதன் தன் செயல்களால் தன்னை நல்லவன் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை, கிறிஸ்துவை நம்புகிறவனைக் கடவுள் ஏற்றுக்கொள்கிறார் என்பது அதன் சாரம். மணி ஒன்பதாவதற்குக் கால்மணி இருக்கும்போது தம் நெஞ்சில் இனம்புரியாத ஒரு வெதுவெதுப்பை உணர்ந்ததாக வெஸ்லி குறித்தார். தம் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்னும் உறுதியும் பிறந்தது.

அன்றிரவோடு அச்சம் தொலைந்தது என்று எழுதிவிட்டால் கட்டுரைக்கு அழகாக இருக்கும். ஆனால் அவருடைய நாட்குறிப்பே அதற்கு இடம் தரவில்லை. அடுத்த நாட்களிலேயே ஐயங்கள் எழுந்தன. 1739 ஜனவரியில் தம்மைக் கிறிஸ்தவன் என்றே சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறார். மாறியது வேறொன்று. ஐயம் தீரட்டும், பிறகு செயல்படலாம் என்று காத்திருக்கும் வழக்கத்தை விட்டார். அதே ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள், நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்டின் அழைப்பை ஏற்று, பிரிஸ்டலில் திறந்த வெளியில் ஏறத்தாழ மூவாயிரம் பேருக்குப் பிரசங்கம் செய்தார். ஆலயத்துக்கு வெளியே ஆன்மாவைக் காப்பதே பாவமோ என்று கருதும் அளவுக்கு ஒழுங்கு பார்த்தவர் அவர்! நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக வந்தனர். எப்வொர்த்திலே தந்தையின் ஆலயத்தில் பேச அனுமதி மறுக்கப்பட்டபோது, 1742-இல் தந்தையின் கல்லறைமேல் ஏறி நின்று பேசினார்.

எதிர்ப்பும் வளர்ந்தது. 1743 அக்டோபர் 20-ஆம் நாள் வெட்னஸ்பரி என்னும் ஊரில் அவர் தங்கியிருந்த வீட்டைக் கலகக் கூட்டம் சூழ்ந்தது. கூட்டத்தின் தலைவனை உள்ளே அழைத்து வரச் சொன்னார். சில சொற்களில் அவன் தணிந்தான். பிறகு தாமே வெளியே வந்து, ஒரு நாற்காலியின்மேல் ஏறி, என்ன வேண்டும் என்று கேட்டார். நீதிபதியிடம் வர வேண்டும் என்றார்கள். மழை பெய்யும் இருட்டில் நடத்திச் சென்றார்கள். ஒரு நீதிபதி பார்க்க மறுத்தார். இன்னொருவர் படுக்கைக்குப் போய்விட்டதாகச் சொல்லியனுப்பினார். திரும்பும் வழியில் வால்சால் ஊர்க் கூட்டம் வந்து மோதியது. அதுவரை அவரைப் பிடித்துவந்தவர்களே இப்போது அவருக்காகப் போராடினர். ஒரு பெண் மூன்று நான்கு ஆட்களை அடித்து வீழ்த்தினாளாம். பின்னாலிருந்து ஒருவன் கருவாலித் தடியால் பலமுறை ஓங்கினான். ஒவ்வோர் அடியும் தவறியது. அடிக்கக் கையோங்கிய மற்றொருவன் கையைத் தாழ்த்தித் தலையைத் தடவி, எவ்வளவு மென்மையான முடி என்று வியந்தான். மார்பில் ஒரு குத்தும், இரத்தம் கசியும்படி வாயில் ஒரு குத்தும் விழுந்தன. கொன்றுவிடுங்கள் என்ற கூச்சலுக்கிடையே அவர் உரக்கச் செபித்தார். அப்போது கலகத்தின் முன்னணியில் நின்ற முரடன் ஒருவனே மனம் மாறி, அவரை அழைத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வெளியேறினான். இரவு பத்து மணிக்குச் சற்று முன் வெட்னஸ்பரி திரும்பினார். இழப்பு: அங்கியின் ஒரு மடிப்பு; கையில் சிறிது தோல்.

தம் படிப்பறையில் அமர்ந்திருப்பது போலவே தொடக்கம் முதல் இறுதி வரை மனம் நிதானமாக இருந்தது என்று அவர் பதிவு செய்துள்ளார். ஒரே ஒரு கவலை வந்ததாம்: ஆற்றில் தூக்கிப் போட்டால் சட்டைப் பையிலுள்ள தாள்கள் நனைந்து கெட்டுவிடுமே என்று. ஏழு ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக் கடலில் நடுங்கியவரும் இவரே என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டுகள் கழித்து, 1746-இல் வெளியிட்ட பிரசங்கம் ஒன்றில், ரோமர் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, எசமானுக்கு அஞ்சும் அடிமைக்கும் தந்தையை நம்பும் மகனுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினார். அது ஏட்டிலிருந்து மட்டும் எடுத்த விளக்கமா என்ன?

இருந்தும், 1766-இல் தம்பி சார்லசுக்கு எழுதிய ஒரு கடிதம் திடுக்கிட வைக்கிறது. தாம் கடவுளை நேசித்ததே இல்லையோ என்று அதில் எழுதுகிறார். தமக்கு ஓர் அச்சம் உண்டென்றால் அது நரகத்தைப் பற்றியதன்று, ஒன்றுமில்லாமையில் விழுவதைப் பற்றியது என்கிறார். அப்போது வயது 63. அந்தக் கடிதத்துக்குப் பிறகும் அவர் குதிரையில் ஊர் ஊராகச் சென்றார். விடியுமுன் பிரசங்கம் செய்தார். வாழ்நாளில் சுமார் இரண்டரை இலட்சம் மைல் பயணம், நாற்பதாயிரம் பிரசங்கங்கள் என்று கணக்கிடுவார்கள். மண வாழ்க்கை மட்டும் கசந்தது. வீட்டில் தங்காத கணவரோடு எந்த மனைவிதான் மகிழ்ந்திருப்பாள்?

முதுமையில் அவர் தொட்டது அன்றைய இங்கிலாந்தின் செல்வத்தையே தாங்கிய அடிமை வாணிகத்தை. 1774-இல் அதைக் கண்டித்து நூல் எழுதினார். 1788-இல், அவ்வாணிகத்தால் கொழுத்த பிரிஸ்டல் துறைமுக நகரிலேயே, முன்னறிவிப்புக் கொடுத்து அடிமைமுறைக்கு எதிராகப் பிரசங்கம் செய்தார். நடுவில் பெரும் குழப்பம் எழுந்து பெஞ்சுகள் உடைந்தன. குழப்பம் அடங்கியதும் 84 வயதுக் கிழவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

1791 பிப்ரவரி 24-ஆம் நாள், நாடாளுமன்றத்தில் அடிமை வாணிகத்தை எதிர்த்துப் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்சுக்கு நடுங்கும் கையால் ஒரு கடிதம் எழுதினார். ஆப்பிரிக்கர் ஒருவர் எழுதிய நூலை அன்று காலை படித்ததாகக் கூறிவிட்டு, மனிதரின் எதிர்ப்பு உங்களை நைந்துபோகச் செய்யும், கடவுள் உங்கள் பக்கம் இருந்தால் அவர்கள் எம்மாத்திரம் என்று ரோமர் நிருபத்தின் அதே எட்டாம் அதிகாரத்தை நினைவூட்டினார். சட்டம் வர 1807 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவரோ கடிதம் எழுதிய ஆறாம் நாள், மார்ச் 2-இல், இலண்டனில் காலமானார். கூட்டம் பெருகிவிடும் என்று அஞ்சி, பொழுது விடியுமுன்பே அடக்கம் செய்தனர். ஆடம்பரம் எதுவும் கூடாது, தம் உடலைச் சுமந்து செல்லும் ஆறு ஏழைகளுக்குத் தலைக்கு ஒரு பவுன் கொடுக்க வேண்டும் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார்.