அறைத் தோழனை வென்ற அர்ச். இஞ்ஞாசியார்

படிப்புக்காக விடுதியில் விட்ட உங்கள் மகன் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்ததும் என்ன சொல்லுகிறான்? முதலில் விடுதிச் சோற்றைக் குறை சொல்லுவான். அடுத்தபடியாக, கூட இருக்கிறவனோடு ஒரே அறையில் காலந்தள்ள முடியவில்லை என்பான். ஒருவன் பணத்தை வாங்கிக்கொண்டு திருப்பித் தருவதில்லை. இன்னொருவன் எதற்கெடுத்தாலும் பரிகாசம் பண்ணுகிறான். இது சின்ன விஷயந்தானே என்று தள்ளிவிடாதீர்கள். இந்த இரண்டு விதமான தோழர்களோடும் வாழ்ந்து பார்த்த ஒரு மாணவரின் சரித்திரத்தைக் கேளுங்கள். அவர்தான் சேசுசபையை ஸ்தாபித்த அர்ச். இஞ்ஞாசியார்.

ஸ்பெயின் தேசத்தில் லொயோலா என்னும் கோட்டையில் 1491-ம் வருஷம் அவர் பிறந்தார். 1521-ம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி, பம்பலோனா கோட்டையைக் காக்க நடந்த சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவர் கால் முறிந்தது. படுக்கையில் கிடந்தபோது சேசுநாதருடைய சரித்திரத்தையும் அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரங்களையும் வாசித்து மனந்திரும்பினார். பிறர் ஆத்துமங்களுக்கு உதவி செய்யப் படிப்பு வேண்டும் என்று கண்டு, முப்பது வயதுக்கு மேல் சிறு பையன்களோடு உட்கார்ந்து லத்தீன் கற்றார். 1528-ம் வருஷம் பெப்ரவரி மாதம் பாரீஸ் பட்டணத்து சர்வகலாசாலைக்கு வந்து சேர்ந்தார்.

வந்தவுடனே ஒரு சோதனை. பார்சலோனாவிலிருந்து படிப்புக்கென்று கிடைத்த பணத்தை, தம்மோடு தங்கியிருந்த ஸ்பானிய மாணவன் ஒருவனிடம் பத்திரமாக வைத்திருக்கும்படி கொடுத்தார். அவனோ கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டான். திருப்பிக் கொடுக்க அவனிடம் ஒன்றுமில்லை. இஞ்ஞாசியார் அந்த இடத்தை விட்டு, அர்ச். சந்தியாகப்பர் பேரால் இருந்த தர்மச்சத்திரத்தில் ஒதுங்கிப் பிச்சையெடுத்துச் சாப்பிட வேண்டியதாயிற்று. சத்திரமோ கலாசாலைக்கு வெகு தூரம். விடிந்த பிறகுதான் அதன் கதவைத் திறப்பார்கள். மாலையில் சீக்கிரமே அடைத்துவிடுவார்கள். பாடமோ விடியுமுன் தொடங்கிவிடும். ஆகையால் பணத்தோடு படிப்பும் கெட்டது.

பிற்பாடு அந்த மாணவன் ஸ்பெயினுக்குக் கப்பலேற ரூவான் பட்டணத்துக்குப் போனான். அங்கே வியாதியாய் விழுந்தான். யாருக்குக் கடிதம் எழுதினான் தெரியுமா? தான் ஏமாற்றிய இஞ்ஞாசியாருக்குத்தான்! அவரும் அவனுக்கு உதவத் தீர்மானித்தார். ஆனால் புறப்படுகிற காலையில் அவருக்கே பயமும் மனச்சோர்வும் உண்டாயின; உடுத்திக்கொள்ளவுங்கூடக் கை வரவில்லை. அப்படியே இருட்டோடு புறப்பட்டார். அர்ஜந்தேய் என்னும் ஊரைத் தாண்டிய பிறகே பாரம் நீங்கிச் சந்தோஷம் பிறந்தது. நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியை மூன்று நாளில், வெறுங்காலோடு, அன்ன ஆகாரமின்றி நடந்துபோய், நோயாளிக்கு ஆறுதல் சொல்லி, அவனைக் கப்பலேற்றி அனுப்பினார். அர்ச்சியசிஷ்டவருக்கும் முதல் அடி கனமாகவே இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

அதே 1529-ம் வருஷம் அவர் அர்ச். பார்பரம்மாள் கலாசாலையில் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த அறையில் ஏற்கெனவே இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். இருவருக்கும் வயது இருபத்துமூன்று, இவருக்கோ முப்பத்தெட்டு. ஒருவர் சவோய் நாட்டில் ஆடு மேய்த்த ஏழைக் குடியானவரின் மகன் பீட்டர் பேபர், சாந்தகுணமுள்ளவர். மற்றவர் நவார் நாட்டுப் பிரபுவின் மகன். ஓட்டத்திலும் தாண்டுவதிலும் சூரர். புகழிலும் பதவியிலும் கண்ணுள்ளவர். அவர்தான் பிரான்சிஸ் சவேரியார். ஆம், நம் முத்துக்குளித்துறைக்கு வந்த அதே சவேரியார்!

பேபர் புது மாணவருக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்தார். தம்மில் பதினைந்து வயது இளையவரிடம் பாடங்கேட்க இஞ்ஞாசியார் வெட்கப்படவில்லை. சீக்கிரமே அவர்களுக்குள் மேசையும் பணப்பையும் பொதுவாயின. சவேரியாரோ கிட்டே வரவில்லை. கந்தையணிந்து பிச்சையெடுக்கும் இந்த வயதான மாணவரைக் கண்டு நகைத்தார். அதற்கு ஆழமான காரணமும் இருந்தது. காஸ்டீல் அரசாங்கத்தின் கட்டளையால் 1516-ம் வருஷம் சவேரியார் குடும்பத்துக் கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடிக்கப்பட்டன. அப்போது அவர் பத்து வயதுப் பையன். 1521-ம் வருஷச் சண்டையில் அவருடைய தமையன்மார் ஒரு பக்கம். இஞ்ஞாசியார் காஸ்டீல் பக்கம். தன் வீட்டை இடித்தவர்களுடைய பக்கத்துப் போர்வீரனோடு ஒரே அறையில் படுத்துறங்குவது எளிதா, சொல்லுங்கள்?

இஞ்ஞாசியார் என்ன செய்தார்? பரிகாசத்துக்குப் பதில் பரிகாசம் செய்யவில்லை. மேலதிகாரியிடம் முறையிடவுமில்லை. அந்த இளைஞனுக்கு எது குறைவு என்று பார்த்தார். சவேரியாருக்கு வீட்டிலிருந்து பணம் சரியாய் வருவதில்லை. செலவோ பிரபுவின் செலவு. இஞ்ஞாசியார் பிளாண்டர்ஸ் நாட்டுக்குப் போய், அங்கிருந்த ஸ்பானிய வர்த்தகர்களிடம் தர்மம் வாங்கி வருவது வழக்கம். அந்தப் பணத்தில் சவேரியாருக்கும் உதவினார். 1530-ம் வருஷம் சவேரியார் பட்டம் பெற்று வேறொரு கலாசாலையில் தத்துவ சாஸ்திரம் போதிக்கத் தொடங்கியபோது, அவர் வகுப்புக்கு மாணவர்களைத் தேடிக்கொண்டு வந்து சேர்த்தார். அவர் பெருமையை அவமதிக்காமல், அதன் வழியாகவே அவர் இருதயத்துக்குள் நுழைந்தார். ஆத்துமத்தின் லாப நஷ்டத்தைப் பற்றிய சுவிசேஷக் கேள்வியை மாத்திரம் சமயம் பார்த்துக் காதில் போட்டுவந்தார் என்பது வழிவழியாய் வந்த பேச்சு.

பலன் உடனே கிடைத்ததா? இல்லை. 1531-ம் வருஷத்திலும் சவேரியார் தம் குலப் பெருமைக்கு அத்தாட்சிப் பத்திரம் பெற வழக்கு நடத்திக்கொண்டிருந்தார். ஏறக்குறைய நாலு வருஷம் சென்ற பிறகே, 1533-ம் வருஷ வாக்கில், அந்த மனம் இளகியது. 1534-ம் வருஷம் ஆகஸ்ட் 15-ந் தேதி, தேவமாதாவின் ஆரோபணத் திருநாளன்று, மோன்மார்த்தர் குன்றில் ஏழு பேர் சர்வேசுரனுக்கு வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். பூசை செய்தவர் பேபர். அப்போது அவர் ஒருவரே குருவானவர். அறைத் தோழர் மூவரும் அங்கே ஒரே மனமாயிருந்தார்கள்.

அடுத்த வருஷம் சவேரியார் தம் தமையனாருக்கு ஒரு கடிதம் எழுதினார். இஞ்ஞாசியார் பணத்தாலும் சிநேகிதராலும் தமக்குச் செய்த உதவியையும், கெட்ட சகவாசத்திலிருந்து தம்மை விலக்கிக் காத்ததையும் சொல்லி, ஆயுள் முழுதும் அந்தக் கடனைத் தீர்க்க முடியாது என்று ஒப்புக்கொண்டார். அந்தக் கடிதத்தைக் கொண்டுபோனவரும் இஞ்ஞாசியாரே.

1540-ம் வருஷம் மார்ச் மாதம் சவேரியார் ரோமாபுரியை விட்டுப் புறப்பட்டார். 1542-ல் கோவா வந்து, அங்கிருந்து நம் கடற்கரைக்கு வந்து, கையில் மணியோடு தெருத்தெருவாய்ச் சென்று தமிழில் ஜெபங்களைச் சொல்லிக்கொடுத்தார். தோழர்கள் அனுப்பிய கடிதங்களிலிருந்து அவர்கள் கையெழுத்துக்களை வெட்டியெடுத்து எப்போதும் தம்மோடு வைத்திருந்தார். 1552-ம் வருஷம் டிசம்பர் 3-ந் தேதி சீனக்கரையோரத்துத் தீவில் மரித்தார். அதை அறியாத இஞ்ஞாசியார், திரும்பி வரும்படி 1553-ம் வருஷம் அவருக்குக் கடிதம் எழுதினார். இஞ்ஞாசியார் 1556-ம் வருஷம் ஜூலை 31-ந் தேதி மோட்ச பாக்கியமடைந்தார். இருவருக்கும் ஒரே நாளில், 1622-ம் வருஷம் மார்ச் 12-ந் தேதி, அர்ச்சியசிஷ்ட பட்டம் அளிக்கப்பட்டது. பேபருக்கு அந்த மகிமை 2013-ம் வருஷம் கிடைத்தது. அந்த ஒரே அறையிலிருந்து மூன்று அர்ச்சியசிஷ்டவர்கள்!

பெற்றோரே, உங்கள் பிள்ளை முறையிடும்போது அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். பாவத்துக்கு இழுக்கிற அல்லது அடித்துத் துன்புறுத்துகிற தோழனாயிருந்தால் தாமதமின்றி விடுதி அதிகாரியிடம் சொல்லுங்கள். கெட்ட சகவாசத்தைப் பொறுக்கும்படி இஞ்ஞாசியார் கற்பிக்கவில்லை. மற்றபடி கர்வமோ பரிகாசமோ மாத்திரமானால், அந்தத் தோழனுக்கு என்ன குறை, அவன் வீட்டில் என்ன துக்கம் என்று கேட்டறியச் சொல்லுங்கள். பரீட்சைக்கு முன் ஒரு பாடம், காய்ச்சலில் ஒரு கோப்பைக் கஞ்சி என்று சிறிதாய்த் தொடங்கட்டும். நாலு வருஷம் ஆனாலும் ஆகட்டும். இன்றிரவு குடும்ப ஜெபத்தில், உங்கள் பிள்ளையின் பெயரோடு அந்தத் தோழனுடைய பெயரையும் சேர்த்துச் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள்.