ஹட்டன் அங்கத்தினர் ஸ்ரீ கோ. நடேசய்யர்

தூத்துக்குடிக் கரையில் வாழ்ந்த நம் முன்னோர்க்குக் கொழும்பு அந்நிய தேசமாகத் தோன்றியதில்லை. முத்துச் சலாபம் கூடிய பருவங்களில் இக்கரைப் பரவர் அக்கரைப் பார்களுக்குச் சென்று மூழ்கினர். நம் ஜில்லா வணிகர் அங்கே கடை வைத்தனர். இவ்விரு சாராரும் பொருள் ஈட்டித் திரும்பும் நோக்கத்துடன், தம் இஷ்டப்படி சென்று வந்தவர்கள். இவர்களினும் பன்மடங்கு பெரியதொரு கூட்டம் இதே துறைமுகத்தின் வழியாகக் கடல் கடந்தது. 1876ஆம் வருஷம் ரயில் பாதை தூத்துக்குடியை எட்டிய பின்னர், பஞ்சத்தாலும் கடனாலும் ஊரை விட்டுக் கிளம்பிய குடியானவர் பலர் கங்காணியின் பின்னே இங்கு வந்திறங்கினர். தட்டப்பாறை முகாமில் தங்கியிருந்து, தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டைப் பெற்றுக்கொண்டு, கரைக்கு ஐந்தாறு மைலுக்கப்பால் நங்கூரமிட்டிருந்த கப்பலைப் படகேறி அடைந்தனர். 1914இல் தனுஷ்கோடி - தலைமன்னார் மார்க்கம் திறந்த பிறகே இக்கூட்டம் வேறு திசை திரும்பியது.

இதே கொழும்பு மார்க்கத்தில் 1906ஆம் வருஷம் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை ஸ்தாபித்த சுதேசிக் கப்பல் கம்பெனியின் சரித்திரத்தை அறியாதார் நம்மில் இலர். ஆனால் கப்பலேறிய ஏழைகள் அக்கரையில் இறங்கிய பின் என்னவாயினர் என்று விசாரித்தவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர், விசாரித்ததோடு நில்லாமல், அவர்கள் வழக்கை அந்நாட்டுச் சட்டசபைக்குள் கொண்டுபோய்ப் பல வருஷங்கள் வாதாடினார். அவரே ஸ்ரீ கோ. நடேசய்யர்.

நடேசய்யர் 1887இல் பிறந்தவர். தஞ்சையில் வர்த்தகமித்திரன் என்னும் பத்திரிகையை நடத்தியவர். கணக்குப் பதிவு முதலிய தொழில் விஷயங்களைத் தமிழில் எழுதியவர். 1919ஐ ஒட்டிக் கொழும்பு இந்திய வணிகரின் அழைப்பை ஏற்று இலங்கை சென்றார். வணிகர் நலத்தைப் பேசிவிட்டு மாலையும் மரியாதையும் பெற்றுத் திரும்பியிருக்கலாம். அவரோ, மலைநாட்டில் தேயிலைத் தோட்டங்கள் எவ்வாறு இருக்கின்றன என்று பார்க்க விரும்பினார். பார்ப்பதற்கு வழியில்லை என்று கண்டார்.

வழியில்லாத காரணத்தைச் சற்று விளக்குவோம். தோட்டம் என்பது துரையின் தனிச் சொத்து. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும் அச்சொத்துக்குள்ளேயே அடங்கியவை. ஆகவே துரையின் அனுமதியின்றி உள்ளே நுழைபவன், லயத்தில் கிடக்கும் தன் சொந்தச் சகோதரனைக் காணச் சென்றாலும், அத்துமீறிப் பிரவேசித்த குற்றவாளியாகக் கோர்ட்டில் நிறுத்தப்படலாம். சொத்துரிமைச் சட்டம் இவ்விதம் சிறைச்சாலைச் சுவரின் வேலையைச் செய்தது. உள்ளே செல்லத் தடையற்ற அந்நியர் சிலரில் புடைவை வியாபாரியும் ஒருவன். நடேசய்யர் துணி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, புடைவைக்காரராக லயம் லயமாக நுழைந்தார். சட்டசபை அங்கத்தினராவதற்குப் பல வருஷங்கள் முன்பே அவர் செய்துகொண்ட ஆயத்தம் இது. வாக்காளர் அவரைத் தேடி வர இயலாது. அவர்தாம் வாக்காளரைத் தேடிச் சென்றார். (வாக்கு உரிமையும் அந்நாளில் அவர்களுக்கு இல்லை என்பதை நேயர்கள் நினைவிற்கொள்க.)

அங்கே அவர் கண்டவை யாவை? விடியுமுன் பிரட்டுக் களத்தில் நிற்கத் தவறினால் அன்றைய வேலை போயிற்று. பறித்த கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாட் சம்பளம். ஊரில் வாங்கிய முன்பணமும் வழிச்செலவும் பெரிய கங்காணியின் கணக்கில் ஏறி, எத்தனை வருஷம் உழைத்தாலும் இறங்காமல் நின்றன. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமாயின், அக்கடனைப் புதிய துரை கட்ட வேண்டும். அதற்கான கடிதமே துண்டு. மனிதனைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றிய இத்துண்டு முறை 1921ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஒழிந்தது. கங்காணியின் அதிகாரம் அவ்வளவு விரைவில் ஒழியவில்லை.

தேசநேசன் பத்திரிகை 1921இலும், தேசபக்தன் 1924இலும் தோன்றின. கணக்குப் பதிவு கற்பித்தவராதலால், சம்பளக் கணக்கில் சதம் சதமாக நடக்கும் மோசத்தை அவர் கண் தப்பவிடவில்லை. அவருடைய மனைவியார் ஸ்ரீமதி மீனாட்சியம்மாள் பத்திரிகை வேலையிலும் பொதுக் கூட்டங்களிலும் அவருக்குச் சமமாகவே உழைத்தார். எழுத்தறியாத தொழிலாளர்க்குக் கட்டுரையால் பயனில்லை என்பதை உணர்ந்து, அவர்கள் நிலைமையைப் பாட்டாக இயற்றிக் கூட்டங்களில் பாடியவர் அவ்வம்மையார்.

1925இல் நடந்த உபதேர்தலில் நடேசய்யர் இலங்கைச் சட்டசபையில் இந்தியர்க்குரிய இரண்டு ஸ்தானங்களில் ஒன்றைப் பெற்றார். அவர் சபையில் இருந்த காலத்தில், 1927ஆம் வருஷம், இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நிறைவேறிற்று. 1929இல் அமலுக்கு வந்த விகிதப்படி, ஓர் ஆடவனுக்கு நாளொன்றுக்கு மலைநாட்டில் 54 சதம், நடுநாட்டில் 52, கீழ்நாட்டில் 50. அரை ரூபாயைச் சற்றே தாண்டிய இத்தொகையை இன்று படிப்போர் நகைக்கலாம். சம்பளம் இவ்வளவென்று சட்டத்தில் எழுதியாயிற்று என்பதே இதன் விசேஷம். அதற்கு முன் துரை கொடுத்ததே சம்பளம். குறைந்ததென்று எங்கும் முறையிட இடமில்லை. பின்னர் நடேசய்யர் தொழிலாளர் சட்டங்களைத் தமிழில் புத்தகமாக்கி வெளியிட்டார். உரிமை இன்னதென்று தெரியாதவனுக்கு அவ்வுரிமை கிடைப்பதெவ்வாறு?

கொழும்பிலே ஸ்ரீ ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் அவர் முதலில் ஒத்துழைத்தார். 1930ஐ நெருங்கிய வருஷங்களில் அச்சங்கம் இந்தியத் தொழிலாளர்மீது துவேஷம் பேசலாயிற்று, இருவரும் பிரிந்தனர். 1931இல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அவர் ஸ்தாபித்தார். அவ்வருஷமே டொனமூர் திட்டப்படி புதிய அரசாங்க சபை கூடிற்று. ஹட்டன் ஸ்தானம் ஸ்ரீ பெரி சுந்தரத்துக்குச் சென்றது. அவர் தொழில் மந்திரியுமானார். தேயிலை விலை வீழ்ந்து சம்பளம் குறைக்கப்பட்ட அக்கொடிய காலத்தில் நடேசய்யர் சபைக்கு வெளியே நின்று, மனைவியாருடன் ஊர் ஊராகக் கூட்டம் கூட்டினார்.

1936இல் ஹட்டன் தொகுதி அவரை அனுப்பிற்று. புதிய சபையின் அமைப்பு விசித்திரமானது. ஐம்பது பேர் தேர்ந்தெடுக்கப்பட்டோர், நியமனம் பெற்றோர் எண்மர் வரை, உத்தியோகஸ்தர் மூவர். அங்கத்தினர் ஏழு நிர்வாகக் கமிட்டிகளாகப் பிரிந்து அமர்வர்; ஒவ்வொரு கமிட்டியும் தேர்ந்தெடுக்கும் தலைவரே மந்திரி. ஆகவே பின்வரிசை அங்கத்தினனும் கமிட்டியில் அமர்ந்து நிர்வாக விவகாரங்களைக் காணவும், கேட்கவும், மறுத்துரைக்கவும் கூடும். ஆனால் அவ்வருஷம் கமிட்டிகள் தேர்ந்தெடுத்த மந்திரிகள் எழுவரும் சிங்களவராகவே அமைந்துவிட்டனர். நடேசய்யருக்குக் கட்சி பலமில்லை. பதவி கிட்டும் வழியில்லை. மிஞ்சியது கேள்வியும் விவாதமுமே. அவற்றைக் கைவிடாமல் பதினோரு வருஷங்கள் அவர் அங்கே இருந்தார்.

1937இல் கிராம சபைச் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது. கிராமசபைத் தேர்தலில் ஐரோப்பியர்க்கும் பறங்கியர்க்கும் இருந்த தடையை நீக்கிவிட்டு, தோட்டத்து இந்தியத் தொழிலாளர்க்குரிய தடையை மட்டும் அப்படியே வைத்தனர். இந்தியர் பக்கத்தில் எழுந்த கண்டனத்தின் பின் வாசகம் மாறிற்று; இனத்தின் பெயர் போய், தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர் எவர்க்கும் வாக்கு இல்லையென்று ஆயிற்று. பெயர் மறைந்ததேயன்றிப் பலன் ஒன்றே. சட்டம் படித்த நமக்கு இவ்வித வித்தை புதிதன்று.

1939இல் அரசாங்க இலாகாக்களில் தினக்கூலி பெற்ற இந்தியர் வேலையினின்று நீக்கப்பட்டனர். அவ்வருஷம் ஆகஸ்டு முதல் நாளிலிருந்து இந்திய சர்க்கார் இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடுத்தது. ஜூலையில் பண்டித ஜவஹர்லால் நேரு கொழும்பு வந்தார். இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. நடேசய்யர் இப்புதிய ஸ்தாபனத்தின் தலைமையில் இடம் பெறவில்லை. இருபது வருஷமாகத் தனியே உழுது வந்தவர் பிறருடன் ஏரைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் இழந்திருந்தார். பிறர்க்கும் அவர்பால் பொறுமை குறைவு. இது அவருடைய குறையென்றே நாம் கருதுகிறோம். அதற்குரிய விலையை அவரும் கொடுத்தார், தொழிலாளரும் கொடுத்தனர். அவருடைய சம்மேளனம் தேய்ந்தது. காங்கிரஸின் தொழிற்சங்கம் வளர்ந்தது.

1945 நவம்பரில் சோல்பரி திட்டத்தை ஏற்பதா என்று அரசாங்க சபை வாக்கெடுத்தது. 51 பேர் ஆதரித்தனர், மூவரே எதிர்த்தனர். அம்மூவருள் இருவர் இந்தியர். தோட்டத் தொழிலாளரின் பிரஜாவுரிமை இன்னதென்று நிச்சயிக்காமல் புதிய சபையின் கையில் விடுவது எங்கே கொண்டுபோய் நிறுத்துமென்ற அச்சம் அவ்விருவர்க்கும் இருந்தது. ஏனையோர் அதைப் பொருட்படுத்தவில்லை.

1947ஆம் வருஷத்துப் பொதுத் தேர்தலில் நடேசய்யர் தோற்றார். நவம்பர் 7ஆம் தேதி காலமானார். இலங்கை 1948 பிப்ரவரியில் சுதந்திரம் பெற்றது. அவ்வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறி, மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுப் பிரஜையுமல்லர் என்றாயிற்று. அடுத்த வருஷம் அவர்கள் வாக்குரிமையும் பறிபோயிற்று. அவரைச் சபைக்கு அனுப்பிய மலைநாட்டுத் தொகுதிகளிலே, 1952ஆம் வருஷத் தேர்தலின்போது, கொழுந்து பறித்தவர்கள் லயத்து வாசலில் நின்று பிறர் வாக்களிக்கப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தனர். 1964ஆம் வருஷத்து ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் இரு சர்க்கார்களும் எண்ணிக்கை பேசி முடித்தன. அவர்களைக் கேட்டவர் எவருமில்லை. கேட்க வேண்டிய ஸ்தானத்தில் அவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினர் ஒருவரும் அப்போது இருக்கவில்லை. அத்தகைய ஒருவர் மீண்டும் சபையில் நுழைந்தது 1977இல்.