ஐடா ஸ்கடர்

ஐடா சோபியா ஸ்கடர் (டிசம்பர் 9, 1870 - மே 1960) தமிழ்நாட்டில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவரும் கிறித்தவ ஊழியரும் ஆவார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியையும் மருத்துவமனையையும் (சி. எம். சி.) நிறுவியவர் இவரே.

குடும்பமும் இளமையும்

ஐடா ராணிப்பேட்டையில் பிறந்தார். இவரது பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819 இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தின் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி புரிந்து, பின்னர் சென்னைக்கு இடம்பெயர்ந்தவர். அவருடைய ஏழு மகன்களும் இந்தியாவில் ஊழியரானார்கள். அவர்களுள் இளையவரான ஜான், ஐடாவின் தந்தை. ஆற்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவர்.

இத்தகைய குடும்பத்தில் பிறந்தும் ஐடா ஊழியராக விரும்பவில்லை. 1876-78 பெரும் பஞ்சத்தின்போது பசியால் வாடிய குழந்தைகளைச் சிறு வயதிலேயே கண்டவர் அவர். அமெரிக்காவின் நார்த்ஃபீல்டு பெண்கள் பள்ளியில் பயின்ற காலத்தில், அங்கேயே வாழ்வை அமைத்துக்கொள்ள எண்ணியிருந்தார். தாயின் உடல்நலம் குன்றியதால் 1890 இல் திண்டிவனத்துக்கு வந்தார். அதுவும் சில காலத்துக்கு மட்டுமே என்று கருதியே வந்தார்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

ஐடாவின் வாழ்வை மாற்றியதாகக் கூறப்படும் நிகழ்வு இங்கு நடந்தது. ஒரே இரவில் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிள்ளைப்பேற்றில் துன்புறும் தம் இளம் மனைவியருக்கு உதவுமாறு ஐடாவை வேண்டினர். முதலில் வந்தவர் பிராமணர், அடுத்தவர் முஸ்லிம், மூன்றாமவர் வேறொரு சாதியைச் சேர்ந்த இந்து. தாம் மருத்துவர் அல்லர் என்றும், தந்தையை அழைத்துச் செல்லலாம் என்றும் ஐடா கூறினார். அயல் ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதை மூவருமே ஏற்கவில்லை. மருத்துவர் அருகிலேயே இருந்தும், பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டனர். இதனை இறைவனின் அழைப்பாகவே ஐடா கொண்டார். மருத்துவம் கற்கச் செல்வதாகப் பெற்றோரிடம் தெரிவித்தார்.

இந்நிகழ்வு பெரும்பாலும் பக்திக் கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது. பெண்களுக்குப் பெண் மருத்துவர் இல்லாமையே உயிர்களைப் பறித்தது என்ற நடைமுறை உண்மையும் அதில் அடங்கியுள்ளது. அவருடைய பிற்காலப் பணிகள் அனைத்தும் இந்தக் குறையை நோக்கியே அமைந்தன.

மருத்துவக் கல்வியும் வேலூர்ப் பணியும்

1895 இல் பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த ஐடா, பின்னர் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி 1899 இல் பட்டம் பெற்றார். ராபர்ட் ஷெல் என்னும் வங்கியாளர், தம் மறைந்த மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் அளித்தார்.

1900 இல் வேலூருக்கு வந்த சில மாதங்களில் தந்தை புற்றுநோயால் காலமானார். அவரிடம் பயிற்சி பெறும் வாய்ப்பை இழந்த ஐடா, தனியாகவே ஒற்றைக் கட்டிலுடன் சிகிச்சையைத் தொடங்கினார். முதல் அறுவைச் சிகிச்சையில் அவருக்குத் துணை நின்றவர் வீட்டுப் பணியாளரின் மனைவியான சலோமி. 40 படுக்கைகள் கொண்ட ஷெல் மருத்துவமனை 1902 இல் திறக்கப்பட்டது. சுற்றுப்புறக் கிராமங்களுக்கு முதலில் மாட்டுவண்டியிலும் பின்னர் மோட்டார் வண்டியிலும் சென்று, சாலையோரத்தில் மரநிழலில் நோயாளிகளைப் பார்த்தார்.

மருத்துவப் பள்ளி

தாம் ஒருவர் மட்டும் போதாது என்பதை உணர்ந்த ஐடா, 1909 இல் செவிலியர் பள்ளியையும் 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். மூவர் தேறினாலே பெரிது என்று அரசு மருத்துவத் துறைத் தலைவர் எச்சரித்திருந்தார். முதலாண்டுத் தேர்வு எழுதிய 14 மாணவியரும் தேறினர். அதே தேர்வில் ஆடவருள் ஐவரில் ஒருவரே தேறியிருந்தனர்.

1930களின் இறுதியில் சென்னை மாகாண அரசு எல். எம். பி. படிப்பை நிறுத்தியதால் பள்ளி மூடப்படும் நிலை உருவானது. கல்லூரியாக உயர்த்தப் பெருநிதி தேவைப்பட்டது. ஆண்களையும் சேர்த்தால் பல திருச்சபைகளின் ஆதரவு கிட்டும் என்ற யோசனையை ஐடா இறுதியில் ஏற்றார். பல்லாண்டு நிதி திரட்டித் தந்த தோழி லூசி பீபாடி இதனைக் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்கெனக் கொடுக்கப்பட்ட பணம் என்ற அவர் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 1942 இல் எம். பி. பி. எஸ். வகுப்புகள் தொடங்கின, 1947 இல் ஆண்கள் சேர்க்கப்பட்டனர்.

இறுதிக்காலம்

1946 இல் ஓய்வு பெற்ற ஐடா, திருமணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்து, கொடைக்கானலில் தம் இல்லத்தில் காலமானார். வேலூரில் மருத்துவமனை அமைந்துள்ள சாலை ஐடா ஸ்கடர் சாலை என அழைக்கப்படுகிறது.