கல்பின் கணக்கை எழுதிய இமாம்

மனக்கவலை என்பது ஈமானில் குறையுள்ளவர்களுக்கே வரும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஐந்து வேளை தொழுகிறவர், கிதாபு ஓதியவர், ஊருக்கு உபதேசம் செய்கிறவர் மனம் உடைந்து போனால் அதை வெளியில் சொல்லவே கூசுகிறோம். இந்த எண்ணம் பிழையானது என்பதற்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்க்கையே சாட்சியாகும். ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று உலகம் போற்றும் அப்பெரியார், புகழின் உச்சியில் இருந்தபோது நாவடைத்துப் போனார்கள். அதை அவர்கள் மறைக்கவில்லை. பிற்காலத்தில் தம் கையாலேயே எழுதி வைத்தார்கள்.

இமாம் அவர்கள் குராசான் நாட்டின் தூஸ் நகரில் ஹிஜ்ரி 450-ல் (கி.பி. 1058) பிறந்தார்கள். வாலிதர் கம்பளி நூல் நூற்றுப் பிழைத்த ஏழை என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். தாம் கல்லாத கல்வியைத் தம் மக்களாவது கற்க வேண்டும் என்று விரும்பிய அவர், வபாத்தாகும் முன் இரு புதல்வர்களையும் சிறு தொகையுடன் ஸூபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். தொகை தீர்ந்ததும், மத்ரஸாவில் சேர்ந்தால் உணவாவது கிடைக்கும் என்று நண்பர் வழி காட்டினார். வயிற்றுக்காகத் தேடப் போன கல்வி அல்லாஹ்வுக்காக அன்றி வேறெதற்கும் இணங்க மறுத்துவிட்டது என்று இமாம் அவர்கள் பின்னாளில் கூறியதாகச் சொல்லப்படுகிறது.

ஜுர்ஜானில் பாடங் கேட்டுவிட்டு ஊர் திரும்பும் வழியில் கொள்ளையர் மறித்த நிகழ்ச்சியும் பிரபலமானது. அவர்கள் பறித்த மூட்டையில் இமாம் எழுதி வைத்திருந்த பாடக் குறிப்புகள் இருந்தன. அவற்றையாவது தந்துவிடும்படி இமாம் கெஞ்சினார்கள். தாளைப் பறித்தால் போய்விடும் கல்வியும் ஒரு கல்வியா என்று கொள்ளையர் தலைவன் ஏளனம் செய்து, மூட்டையைத் திருப்பித் தரச் செய்தான். ஊர் வந்த இமாம் மூன்று ஆண்டுகள் உழைத்து அத்தனையையும் மனனம் செய்தார்கள். தாளில் இருப்பது வேறு, கல்பில் இருப்பது வேறு என்ற பாடம் இளமையிலேயே அவர்களுக்குக் கிடைத்தது.

பின்னர் நைஷாப்பூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் ஓதித் தேறினார்கள். ஹிஜ்ரி 484-ல் (1091) ஸல்ஜூக் அமைச்சர் நிஜாமுல் முல்க், பக்தாதின் நிஜாமிய்யா மத்ரஸாவுக்கு அவர்களைத் தலைமை ஆசிரியராக நியமித்தார். வயதோ முப்பத்து நான்குக்குள். முன்னால் முந்நூறு மாணவர்கள். கலீபாவின் அவையில் மரியாதை. இதற்கு மேல் ஓர் ஆலிமுக்கு என்ன வேண்டும்?

ஆனால் உள்ளே ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. இந்தப் பாடம் சொல்லிக் கொடுப்பது அல்லாஹ்வுக்காகவா, பெயருக்காகவா? ஹிஜ்ரி 488 ரஜபு மாதம் (1095) தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதம் இந்தப் போராட்டம் நீடித்தது. காலையில் பக்தாதை விட்டுப் புறப்படத் துணிவார்கள். மாலையில் பதவியும் புகழும் பிடித்து இழுக்கும். ஒரு நாள் பாடம் நடத்த வாய் திறந்தார்கள், சொல் வரவில்லை. துயரம் உடலில் இறங்கியது. கஞ்சித் தண்ணீரும் தொண்டைக்குள் செல்லவில்லை. கவளம் ஒன்று கூடச் செரிக்கவில்லை. ஹகீம்கள் வந்து பார்த்து, நோய் கல்பிலிருந்து உடலுக்குப் பரவியது, கவலை நீங்கினாலன்றி மருந்து பயன் தராது என்று கைவிரித்தனர்.

வேறு வழியற்றவரின் துஆ இமாமின் துஆ ஆயிற்று. பதவியையும் பொருளையும் விடுவது அதன் பின்பே இலேசாயிற்று. குடும்பத்தின் ஜீவனத்துக்கு வேண்டியதை நிறுத்திக்கொண்டு மீதியைத் தர்மம் செய்தார்கள். மக்காவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, அதே ஆண்டு துல்கஃதாவில் பக்தாதை விட்டு ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டார்கள்.

திமிஷ்கின் உமய்யாப் பள்ளிவாசலில் மினாராவின் மேலேறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பகலெல்லாம் தனித்திருப்பார்கள். திக்ரு, தொழுகை, தம் நப்ஸைக் கவனித்தல், இவையே வேலை. பைத்துல் முகத்தஸிலும் அவ்வாறே இருந்தார்கள். பின்பு ஹஜ்ஜை முடித்தார்கள். மக்களின் ஏக்கமும் குடும்பக் கவலையும் அவர்களை ஊருக்கு இழுத்தன. ஊர் வந்த பின்னும் தனிமையை விடவில்லை. இவ்வாறு பதினோராண்டுகள் கழிந்தன.

அந்தக் காலத்தில்தான் இஹ்யா உலூமித்தீன் எழுதப்பட்டது. நான்கு பகுதிகள், பகுதிக்குப் பத்தாக நாற்பது கிதாபுகள். மூன்றாம் பகுதி, மனிதனை அழிக்கும் குணங்களைப் பற்றியது. கீர்த்தி ஆசைக்கும் ரியாவுக்குமே அதில் ஒரு தனிக் கிதாபு உண்டு. பக்தாதில் தம்மை வாட்டிய நோயையே இமாம் எடுத்து வைத்துக் கூறு போட்டுப் பார்க்கிறார்கள். ஆகவேதான் அது வாசிப்பவனின் நெஞ்சைத் தொடுகிறது.

முப்பத்தெட்டாம் கிதாபு முராக்கபாவையும் முஹாஸபாவையும் பற்றியது. அதன் முறை வியாபாரக் குடும்பங்களுக்கு எளிதில் விளங்கும். கூட்டாளியிடம் முதலைக் கொடுப்பவன் என்ன செய்வான்? முதலில் நிபந்தனை பேசுவான். பிறகு கண்காணிப்பான். அந்தியில் கணக்குக் கேட்பான். நம் நப்ஸும் அப்படிப்பட்ட கூட்டாளியே, ஆயுள்தான் முதல். சுபுஹுக்குப் பின் நப்ஸுடன் நிபந்தனை செய்வது முஷாரத்தா. பகலில் ஒவ்வொரு எண்ணம் எழும்போதும், இது யாருக்காக என்று விழித்துப் பார்ப்பது முராக்கபா. நாள் முடிவில் கணக்கெடுப்பது முஹாஸபா. தவறியிருந்தால் அதற்குத் தக்க தண்டனை, மேலும் முயற்சி, கண்டிப்பு என்று ஆறு படிகளை இமாம் வகுக்கிறார்கள்.

ஹிஜ்ரி 499-ல் (1106) நைஷாப்பூரில் மீண்டும் பாடம் சொல்ல ஒப்புக்கொண்டார்கள். இம்முறை நோக்கம் வேறாக இருந்தது. ஐம்பது வயதைக் கடந்த நிலையில் அல்முன்கிது மினள் ளலால் என்னும் சிறு நூலை எழுதினார்கள். தமக்கு வந்த சந்தேகம், நிய்யத்தில் கண்ட பழுது, நாவடைத்தது, ஹகீம்கள் கைவிட்டது எல்லாம் அதில் உண்டு. இன்று நாம் அந்த ஆறு மாதத்தை அறிவது அந்நூலால்தான். ஹிஜ்ரி 505 ஜுமாதல் ஆகிர் 14-ல் (18-12-1111) தூஸில் வபாத்தானார்கள்.

எழுத்து மட்டும் இமாமைக் குணப்படுத்தியது என்று நாம் சொல்ல வரவில்லை. ஷிபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. ஆனால் தனித்திருந்து கல்பைக் கவனித்ததும், கண்டதை ஒளிக்காமல் எழுதியதும் அவர்கள் நடந்த வழியாக இருந்தன. அந்த வழி நமக்கும் அடைக்கப்படவில்லை. இஷாவுக்குப் பின் கால் மணி நேரம் ஒதுக்குவோம். கடைக்குப் பேரேடு வைத்திருக்கும் நாம் கல்புக்கும் ஒரு சிறு நோட்டு வைப்போம். இன்று எதற்குக் கோபித்தோம், எதற்கு அஞ்சினோம், யாருடைய பாராட்டை எதிர்பார்த்தோம், எந்த நிஃமத்துக்கு ஷுக்ரு செய்ய மறந்தோம் என்று நாலு வரி எழுதினால் போதும். பிறர் பார்ப்பதற்காக அன்று. பிறர் பார்க்க எழுதினால் அதுவே ரியாவாகிவிடும். பெயர் சொல்லி எழுதப்பட்ட கவலை பாதி பலம் இழந்துவிடுகிறது.

நம் வீட்டில் ஒருவர் பேச்சு குறைந்து, உணவு இறங்காமல், உறக்கமின்றித் தவித்தால், அவருடைய ஈமானைச் சந்தேகிக்க வேண்டாம். இமாமும் ஹகீம்களிடம் நாடியைக் காட்டியவர்களே. அவரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அருகிலிருந்து பேச விடுவோம். அவருக்காக துஆச் செய்வோம்.

அல்லாஹுத் தஆலா நம் கல்புகளின் நோய்களை நமக்குக் காட்டித் தந்து, அவற்றுக்குப் பூரண ஷிபாவையும் அருள்வானாக! ஆமீன்.