உதிர்ந்த செல்லில் உண்மை கண்டவர்

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பர் நம் முன்னோர். நாம் வேண்டாமென்று கழிக்கும் சிறுநீரும் ஓர் உயிரைக் காக்க உதவும் என்று மருத்துவ உலகுக்குக் காட்டியவர் டாக்டர் ஜார்ஜ் பாப்பனிகொலாவு ஆவார்.

இவர் கிரேக்க நாட்டின் கிமி என்னும் கடற்கரை ஊரில் 1883ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் பிறந்தார். தந்தையும் ஒரு மருத்துவரே. ஏதென்சில் மருத்துவம் பயின்று 1904இல் பட்டம் பெற்றார். பின்னர் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆராய்ச்சி செய்து 1910இல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

1913ஆம் ஆண்டு மனைவி ஆண்ட்ரோமகியுடன் அமெரிக்கா சென்றார். கையில் பணம் இல்லை. இரண்டு பட்டங்கள் பெற்ற அம்மேதை, நியூயார்க் கடை ஒன்றில் கம்பளம் விற்றார். மனைவி துணிகளுக்குப் பொத்தான் தைத்தார். வறுமையிலும் அவர்கள் மனம் தளரவில்லை. அடுத்த ஆண்டே கார்னெல் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. ஆண்ட்ரோமகி கணவரின் ஆய்வுக்கூடத்திலேயே உதவியாளராகப் பல்லாண்டுகள் உழைத்தார்.

மரத்திலிருந்து இலைகள் உதிர்வது போல, நம் உள்ளுறுப்புகளின் மேற்பரப்பிலிருந்தும் செல்கள் உதிர்கின்றன. அவற்றை நுண்ணோக்கியில் பார்த்தே உள்ளே இருக்கும் புற்றுநோயை அறியலாம் என்று அவர் கண்டார். பெண்களின் கர்ப்பப்பைப் புற்றுநோய் பற்றி 1928இல் இதனை எடுத்துரைத்தபோது மருத்துவர்கள் பொருட்படுத்தவில்லை. அவரோ சோர்ந்து போகாமல் மேலும் ஆராய்ந்தார். செல்களுக்கு நிறமூட்டும் சிறந்த முறையையும் உருவாக்கினார். டாக்டர் ஹெர்பர்ட் டிராட்டுடன் சேர்ந்து 1943இல் வெளியிட்ட நூலுக்குப் பின்னரே உலகம் அவரை ஏற்றது.

அடுத்து அவர் கவனம் சிறுநீரின்பால் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஓரிரு மருத்துவர்கள் சிறுநீரில் புற்றின் துணுக்குகளைக் கண்டிருந்தனர். எனினும் அதனை முறையான சோதனையாக வளர்த்தவர் இவரே. டாக்டர் விக்டர் மார்ஷலுடன் இணைந்து 1945இல் தம் முடிவுகளை வெளியிட்டார்.

சிறுநீரை ஒரு கருவியில் வேகமாகச் சுழற்றினால் செல்கள் அடியில் படியும். அவ்வண்டலைக் கண்ணாடித் தகட்டில் தடவி நிறமூட்டுவர். நல்ல செல்லின் உட்கரு சிறியதாய், ஓரம் சீராய் இருக்கும். கொடிய புற்றுச் செல்லின் உட்கருவோ பெருத்து, கருத்து, ஓரம் கோணலாகி, செல்லின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும்.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. மெதுவாக வளரும் புற்றின் செல்கள் நல்ல செல்களைப் போலவே தோன்றி ஏமாற்றும். கல்லடைப்பும் நோய்த்தொற்றும் நல்ல செல்களைக்கூடக் கெட்டவை போல் காட்டும். ஆகவே சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதாலேயே நோயில்லை என்று சொல்லிவிட முடியாது. சிறுநீர்ப்பைக்குள் குழாய்க் கருவி செலுத்தியும் பார்க்க வேண்டும். கொடிய புற்றைத் தவறவிடாமல் காண்பதையே முதல் நோக்கமாகக் கொண்டு, 2016இல் பாரிஸ் முறை என்னும் பெயரில் புதிய நெறிகள் வெளிவந்தன. அவர் விதைத்த விதை இன்றும் வளர்கிறது.

1962ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் அப்பெருமகனார் மறைந்தார். கிரேக்க நாடு 1995இல் தன் பத்தாயிரம் திராக்மா நோட்டில் அவர் உருவத்தைப் பொறித்துப் பெருமைப்படுத்தியது.

அன்புத் தோழியரே! காணாமற்போன ஒரு திராக்மாவுக்காக விளக்கேற்றி, வீடு முழுவதும் பெருக்கித் தேடிய பெண்ணை நம் ஆண்டவர் உவமையாகக் கூறினார் அல்லவா? ஆயிரம் செல்களுக்கு நடுவே கெட்டுப்போன ஒன்றைத் தேடிய இவரும் அத்தகையவரே. அற்பமென்று எதனையும் ஒதுக்காமல், பொறுமையோடு உற்றுநோக்கும் கண்களை இறைவன் நமக்கும் அருள்வாராக!

பத்தாம் வகுப்பு மாணவி