ரோஜா முள் கற்பித்த பாடம்

பள்ளித் தோட்டத்தில் ரோஜா பறிக்கையில் முள் தைக்காத விரல் எங்களில் யாருக்கும் இல்லை. மறுநாள் அவ்விரல் சிவந்து வீங்கி வலிக்கும். அந்த வீக்கம் நமக்குப் பகையா, துணையா? இதற்கு விடை தேடியவர் இலியா மெச்னிகாவ் என்னும் விலங்கியல் மேதை.

இவர் 1845-ஆம் ஆண்டு, அன்றைய ரஷ்யப் பேரரசில் கார்கோவ் நகரருகே பிறந்தார். அவ்விடம் இன்று உக்ரைன் நாட்டில் உள்ளது. ஒடெஸா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய இவரது வாழ்வு மலர்ப் பாதையாக அமையவில்லை. 1869-இல் லுட்மிலாவை மணந்தபோது, நோயால் நலிந்திருந்த மணமகளை நாற்காலியில் அமர்த்தியே கோயிலுக்குத் தூக்கி வந்தனர். நான்கே ஆண்டுகளில் காசநோய் அவரைக் கொண்டு சென்றது.

1882-இல் மெச்னிகாவ் இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்தார். ஒருநாள் குடும்பத்தார் சர்க்கஸ் பார்க்கச் சென்றுவிட, அவர் மட்டும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தார். கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் குஞ்சின் உடலுக்குள் சில அணுக்கள் ஊர்ந்து திரிந்தன. இவை உடலைக் காக்கும் காவலர்களோ என்ற எண்ணம் அவருக்குள் பளிச்சிட்டது. உடனே தோட்டத்து ரோஜா முட்களை எடுத்து அக்குஞ்சுகளின் உடலில் செருகினார். இரவெல்லாம் உறக்கமில்லை. பொழுது புலர்ந்ததும் பார்த்தால், முள்ளைச் சூழ்ந்து அணுக்கள் மொய்த்திருந்தன!

நம் இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்களில் பலவும் இவ்வாறே விரைந்து வருகின்றன. தம் உடலைக் கைபோல் நீட்டிக் கிருமியை அணைத்து, உள்ளே ஒரு சிறு பையில் அடைக்கின்றன. செரிக்கும் நொதிகள் அப்பையில் கலந்து கிருமியைச் சிதைக்கின்றன. இவற்றுக்குப் பாகோசைட், அதாவது விழுங்கும் அணு, என்று பெயர். புண்ணில் வரும் சீழில் பெரும்பகுதி, இப்போரில் மடிந்த வெள்ளையணுக்களே.

வெள்ளையணுக்கள் கிருமிகளைச் சுமந்து உடலெங்கும் பரப்புகின்றன என்றே அக்கால மருத்துவர் பலர் நம்பினர். கிருமியைக் கொல்வது இரத்தத்திலுள்ள சீரமே என்று ஜெர்மானிய அறிஞர்கள் வாதிட்டனர். மெச்னிகாவ் மனம் தளரவில்லை. 1888-இல் பாரிசிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் சோதனைகள் செய்தார். 1908-இல் சீரக் கொள்கையின் பக்கம் நின்ற பால் எர்லிக்குடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இரு தரப்பிலும் உண்மை இருந்தது. சீரத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் கிருமியின்மேல் ஒட்டி, விழுங்கும் அணுக்களுக்கு அதை அடையாளம் காட்டுகின்றன.

1916-இல் பாரிசில் அவர் மறைந்தார். தோழியரே, இனி முள் தைத்த விரலைக் கழுவி மருந்திடும்போது, நமக்காக உள்ளே போரிட்டு மடியும் அச்சிறு காவலர்களையும், அவர்களின் பழியைத் துடைத்த அப்பெரியாரையும் நன்றியோடு நினைப்போமாக!